பால் கிடங்கின் சரிவு

எங்கள் ஷெட்டில் நீளமான பலகையை அறுக்க வேண்டுமென்றால் முதலில் ஜன்னலைத் திறக்க வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்கள் கூடி மரவேலை செய்யும் இடம் அது. ஒரு காலத்தில் பால் கிடங்காக இருந்தது. அதன் பின்மூலையில், சுவரை ஒட்டிய ஒரு கனத்த மேசையில் மின் ரம்பத்தை போல்ட் போட்டு இறுக்கியிருந்தோம். பலகை ரம்பத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வர இடமில்லை. கிளைவ்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். ரம்பத்துக்கு நேராக இருந்த சின்ன ஜன்னலின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கீல் வைத்த மரக்கதவு போட்டார். அறுபட்ட பலகை அதன் வழியாக வெளியே நீண்டு, வேலியோர எலுமிச்சை மரத்தடியில் போய் நிற்கும். எங்கள் பக்கம் குளிர்காலமான ஜூலை மாதத்தில் அந்த ஓட்டை வழியாக வரும் காற்றில் ஷெட்டே நடுங்கும். ஆனாலும் யாரும் குறை சொன்னதில்லை. ஜன்னலுக்கும் ரம்பத்துக்கும் உள்ள கணக்கு கிளைவுக்கு மட்டும்தான் தெரியும். யாருக்குப் பலகை அறுக்க வேண்டுமென்றாலும், "கிளைவ், ஒரு கை கொடுப்பா" என்று வந்து நிற்பார்கள். பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவருக்கு அந்த ஒரு வார்த்தை வாரம் முழுவதற்கும் போதும்.

லிண்ட்சே வாழைத்தோட்டங்களுக்குப் பேர்போன குயின்ஸ்லாந்திலிருந்து வந்தவர். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவர். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று மனைவி ரேலீனோடு எங்கள் ஊருக்குக் குடிவந்தார். ஷெட்டில் நுழைந்த முதல் நாளே ரம்பத்தின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"இத ஏன் இப்படி மூலையில கட்டிப் போட்டிருக்கீங்க? யாரையாச்சும் கடிச்சிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷெட்டைப் பொறுப்பாக நடத்தும் ஸ்பைரோ, "அது கிளைவோட நாய்யா. அவர் சொன்னாத்தான் குரைக்கும்" என்றார்.

கிளைவும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் லிண்ட்சே அவர் பக்கம் திரும்பினார்.

"அடியில சக்கரம் வச்சு ஒரு ஸ்டாண்டு செஞ்சிடலாமா கிளைவ்? நடு ஷெட்டுக்கு இழுத்துட்டு வந்தா ரெண்டு பக்கமும் தாராளமா இடம் கிடைக்கும். நீங்க சரின்னு சொன்னா."

அத்தனை பேருக்கு முன்னால் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? "செய்யுங்களேன். யாரு வேணாம்னா?" என்றார் கிளைவ்.

அன்றிலிருந்து லிண்ட்சே ஒவ்வொன்றாகக் கொண்டுவரத் தொடங்கினார். ஆரம்பப் பள்ளி தூக்கிப்போட்ட இரும்பு மேசை ஒன்று. குப்பைக்கிடங்கு கடையில் கிடந்த மருத்துவமனைக் கட்டிலின் நான்கு சக்கரங்கள். அவற்றில் இரண்டுக்கு மிதித்தால் பிடித்துக்கொள்ளும் பிரேக் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது போல்ட்டும் ஒரு ப்ளைவுட் துண்டும் மட்டும்தான். மேசைக் காலை அளவாக அறுத்து, குறுக்குக் கம்பி பற்றவைத்து, பின்பக்கம் தூக்கி நிறுத்துகிற மாதிரி ஒரு மடக்குப் பலகை பொருத்தினார். மூலையிலிருந்த ரம்பத்தைக் கழற்றி அதன்மேல் இறுக்கினார். மரத்தூள் விழ அடியில் பழைய தலையணை உறை. பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டுப் போனார்கள்.

"வாழைப்பழ ஊர்க்காரனுக்கு மூளை இருக்குய்யா" என்றார் ஸ்பைரோ. "இனிமே அந்த ஓட்டைய அடைச்சிடலாம். எனக்கு ஒரு வருஷமும் சளி விட்டதில்ல."

கிளைவ் தன் தேநீர்க் கோப்பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே போய் எலுமிச்சை மரத்தடியில் நின்றார். மற்றவர்கள் போனபிறகு கைவிளக்கோடு வந்து ஸ்டாண்டுக்கு அடியில் படுத்தார். எங்காவது பற்றவைத்தது விட்டிருக்கிறதா, எங்காவது கோணல் இருக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது மனைவி க்ளெனிஸ் கேட்டாள்: "என்ன, ஆட்டுக்கறி வேகலையா? முகத்த இப்படி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"லிண்ட்சே ஸ்டாண்டு செய்றாராமே. ரேலீன் சொன்னா. ஆரஞ்சு ஜாம் ஒரு பாட்டில் குடுத்து அனுப்பியிருக்கா, பாரு."

"எனக்கு ஜாம் வேணாம்."

"ஜாம் என்னப்பா பாவம் பண்ணிச்சு?" என்று சிரித்தாள் அவள். "அவருக்குச் சக்கரம் மாட்டத் தெரியுது. உனக்கு ஜன்னல் தொறக்கத் தெரியுது. ரெண்டும் வேலைதானே?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். கிளைவுக்கோ தன் இத்தனை வருஷத்து உழைப்பும் ஒரு ஜன்னல் கதவாகச் சுருங்கிவிட்டதுபோல் இருந்தது. அன்று நாட்டுக்கு நாடு நடக்கும் சண்டைகளைப் பற்றித் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் லிண்ட்சேயைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் ஷெட்டைக் கழுவிவிடுவது கிளைவின் வேலை. மற்றவர்கள் அந்த நேரத்தில் புல்தரையில் பந்து உருட்டும் பௌலிங் கிளப்புக்குப் போய்விடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமையும் அவர் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பகுதியில் தண்ணீர் தேங்கி நின்றது. பாதி ஷெட்டைத் தாண்டியதும் தானாகவே வேகம் பிடித்து, முன்வாசல் ஷட்டரை ஒட்டிய சாக்கடைக்கு ஓடியது. பால் கேன்களைக் கழுவிய காலத்தில் போட்ட தரை அது. சரிவு கண்ணுக்குத் தெரியாது. மேலே சாம்பல் நிறப் பெயின்ட் வேறு. தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கிளைவ் குழாயை மூடினார். தரை காயும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஸ்டாண்டை ஷட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பிரேக்கையும் மிதித்துவிட்டு, கனமான பலகையைத் தள்ளுகிற மாதிரி உள்ளங்கையால் அழுத்தினார். ஸ்டாண்டு ஒரு விரல் அகலம் நகர்ந்தது. பிரேக் இல்லாத பின்பக்கம் சாக்கடையை நோக்கி மெல்லத் திரும்பியது.

லிண்ட்சே தன் வேலையையெல்லாம் பின்பகுதியில், சமதரையில், சின்னத் துண்டுகளை வைத்துத்தான் சோதித்திருந்தார். செவ்வாய்க்கிழமை எல்லோரும் பார்க்க இதே ஷட்டர் பக்கத்தில் நீண்ட பலகையை அறுக்கப்போகிறார். பலகை பாதி போனபின் ரம்பம் திரும்பினால் பல்லில் மரம் இறுகும். இறுகிய பலகை தள்ளியவன் மேலேயே திரும்பி எகிறும்.

கிளைவ் அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. நினைக்காமல் பார்த்துக்கொண்டார் என்று சொல்வதே சரி. வெட்டு கோணலாகப் போகும், லிண்ட்சே அசடு வழிவார், "கிளைவோட ஜன்னலே மேல்" என்று ஸ்பைரோ சொல்வார் என்ற அளவோடு மனதை நிறுத்திக்கொண்டார். ஸ்டாண்டை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, சீட்டியடித்தபடி கதவைப் பூட்டினார். பொறாமை எப்போதும் வாயைத் திறந்துதான் கெடுதல் செய்யும் என்பதில்லை. வாயை மூடிக்கொண்டும் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரம் வந்தது. கிளைவ் க்ளெனிஸுக்குக் கைகொடுத்தார், முன்னால் இருந்தவர்களுக்குக் கொடுத்தார், திரும்பினார். பின்வரிசையில் லிண்ட்சே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கர்த்தருடைய சமாதானம் உங்களோட இருக்கட்டும், கிளைவ்."

"உங்களோடயும்" என்றார் கிளைவ்.

சிறுவயதிலிருந்து சொல்லிவந்த வார்த்தை. அன்று அது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. லிண்ட்சே கையை விடாமல் குனிந்து, "அந்த ஜன்னல அடைக்க வேணாம்னு ஸ்பைரோகிட்ட சொல்லிட்டேன்" என்று ரகசியம் போலச் சொன்னார். "காத்து வராம இருக்க ஓரத்துல ரப்பர் ஒட்டினாப் போதும். நல்ல வேலை அது. அத உடைக்க மனசு வரல." அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. கிளைவ் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பதை க்ளெனிஸ்தான் நேராக்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் லிண்ட்சேயிடம் சொல்லிவிடுவது என்று புறப்பட்டார். போய்ச் சேர்ந்தபோது ஷெட் நிறைந்திருந்தது. தேவாலய முற்றத்துக்குப் போட வேண்டிய சாப்பாட்டு மேசைக்காக ரெட் கம் என்ற கனத்த மரத்தின் பலகைகள் வந்து இறங்கியிருந்தன. இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒன்றைத் தூக்க முடியும். ஸ்டாண்டு ஷட்டர் பக்கத்தில் பிரேக் மிதித்துத் தயாராக நின்றது. ரேலீன் பேரீச்சம்பழ ரொட்டி செய்து அனுப்பியிருந்தாள். யாரோ கிளைவின் கையில் தேநீரைத் திணித்தார்கள். இவ்வளவு கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். தயங்கத் தயங்கச் சொல்வது இன்னும் கடினமாயிற்று.

"ஆரம்பிங்கய்யா, ரொட்டி ஆறுது" என்றார் ஸ்பைரோ.

லிண்ட்சே ரம்பத்தின் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையில் தட்டைப் பென்சில் ஒன்று செருகியிருந்தது. கிளைவின் பார்வை அந்தப் பென்சிலில் போய் நின்றது. பலகை எகிறினால் சரியாக அங்கேதான் வந்து இடிக்கும்.

ஆனால் லிண்ட்சே பொத்தானை அழுத்தவில்லை. கண்ணில் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி கிளைவிடம் நீட்டினார்.

"மொத வெட்டு கிளைவோடது. இத்தன வருஷமா இந்த நாய வளர்த்தவர் அவர்தானே?"

எல்லோரும் கைதட்டினார்கள்.

தோள்வலி என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் லிண்ட்சே திரும்பவும் அங்கே நிற்பார். தானே நின்று பலகையைத் தள்ளலாம். தள்ளினால் என்ன நடக்கும் என்று அந்த ஷெட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பேசினாலோ, இவ்வளவு நாள் ஏன் பேசவில்லை என்பதும் கூடவே வெளியே வந்துவிடும்.

கிளைவ் கண்ணாடியை வாங்கவில்லை. குனிந்து, கையிலிருந்த தேநீரை ஸ்டாண்டின் அடியில் ஊற்றினார்.

"யோவ், நேத்துதான்யா பெருக்கினேன்!" என்றார் ஸ்பைரோ.

தேநீர் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு சக்கரத்தைத் தாண்டி, அடுத்த சக்கரத்தைத் தாண்டி, நேராகச் சாக்கடையை நோக்கி ஓடியது. லிண்ட்சே அது போகும் வழியையே பார்த்தார். உட்கார்ந்து தரையில் கையை வைத்துப் பார்த்தார். எழுந்து ஸ்டாண்டை உள்ளங்கையால் அழுத்தினார். அது நகர்ந்தது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. நான் தள்ளிப் பாத்தேன்."

"ஞாயித்துக்கிழமை எனக்குக் கை குடுத்தீங்களே."

"ஆமா. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

ஸ்பைரோ ரொட்டியை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். லிண்ட்சே வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிளைவும் அப்படியே நினைத்து, கையிலிருந்த தன் கோப்பையைக் கொக்கியில் மாட்டாமல் பையில் போட்டுக்கொள்வோமா என்று யோசித்தார். எலுமிச்சை மரத்தடியில் நின்ற லிண்ட்சே கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் இறுகித்தான் இருந்தது.

"சரி. தரைய மாத்த முடியாது. என்ன செய்யலாம்?"

கேள்வி கிளைவைப் பார்த்துத்தான். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வேலையில் ஒரு இடம் விட்டுக் கேட்டார். அதைவிடப் பெரிய மன்னிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

"நாலு சக்கரம் வேணாம்" என்றார் கிளைவ். "ஒரு பக்கம் ரெண்டு போதும். அதுவும் தரையத் தொடாம தூக்கி வைக்கணும். நாலு மூலைக்கும் கால். தள்ளுவண்டி மாதிரி ஒரு பக்கம் தூக்கினா சக்கரம் தரையில படும், உருளும். கீழ விட்டா கால்லதான் நிக்கும். மாட்டுக் கொட்டகையில விரிக்கிற ரப்பர் எங்க வீட்ல கிடக்கு. காலுக்கு அடியில ஒட்டினா எருமை முட்டினாலும் நகராது."

"சரிவுக்கு?"

"காலுக்குள்ள போல்ட் வச்சா ஏத்தி இறக்கிக்கலாம்."

லிண்ட்சே குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். "ரெண்டு சக்கரம் மிச்சம்" என்றார்.

"குப்பைக்கிடங்குக்கே திருப்பிக் குடுத்துடு. பத்து சென்ட் தருவான்" என்றார் ஸ்பைரோ. அதற்கு யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் ஷெட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அடுத்த வாரம் ஸ்டாண்டு காலில் நின்றது. கிளைவ் அழுத்தினார், லிண்ட்சே அழுத்தினார், ஸ்பைரோ தன் முழு வயிற்றையும் வைத்து அழுத்தினார். அசையவில்லை. லிண்ட்சே பலகையைத் தள்ள, மறுபக்கம் வந்த முனையை கிளைவ் தாங்கிப் பிடித்துக்கொண்டார். தள்ளுபவரின் வேகத்துக்குப் பின்னால் நடக்க வேண்டிய வேலை அது. இழுக்கவும் கூடாது, தடுக்கவும் கூடாது. அதை அவர் அதுவரை செய்ததே இல்லை.

ரம்பம் நின்றதும் லிண்ட்சே கேட்டார்: "இத்தன வருஷம் உங்களுக்கு மறுபக்கம் யாரு பிடிச்சா?"

"யாருமில்ல. ஜன்னல்தான்."

வெட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்த ஸ்பைரோ, "லிண்ட்சே, உன் கையே கைய்யா!" என்றார். கிளைவின் நெஞ்சில் பழைய முள் ஒருமுறை அசைந்தது. அவர் அதை மறைக்கவுமில்லை, வளர்க்கவுமில்லை. போய்த் தேநீர் போட்டு, முதல் கோப்பையை லிண்ட்சேயிடம் நீட்டினார்.

லிண்ட்சே வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"இத ஊத்திட மாட்டியே?"

"நீ குடி" என்றார் கிளைவ். "அடுத்த பலகைய நான் தள்றேன். நீ பிடி."