மதிய ஷிஃப்ட் சந்திரகலா

“நேத்து ஏன் சார் அந்தப் பொண்ண அனுப்பல?” என்று ஆசீர்வாதம் கேட்டார்.

புதன்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். நான் மாடிக்கு ஏறியது அவரைப் பார்க்க அல்ல. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்று யாரோ கத்தினார்கள், அதற்காக. போகிற போக்கில் ஆண்கள் அறையில் தலையை நீட்டி, “இன்னா நைனா, சாப்ட்டீங்களா?” என்று கேட்டு வைத்தேன். பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் பதில் வைத்திருந்தார்.

“எந்தப் பொண்ணு?”

“அதான், மத்தியானத்துல வருமே, சந்திரகலா. நேத்து பூரா வாய் காஞ்சி கெடந்தேன். லீவு குடுத்தா ஒரு வார்த்த சொல்லிட்டு குடுங்க சார்.”

பக்கவாதத்தில் அவருக்கு நாக்கு சற்று இழுத்துக்கொள்ளும். தவறாகக் கேட்டிருப்பேனோ என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதே பெயரைத்தான் சொன்னார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இல்லத்தில் சந்திரகலா என்று யாரும் வேலை செய்யவில்லை. அந்தப் பெயர் இருந்த ஒரே இடம் என் இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருந்த ஒரு பழுப்புக் கோப்பு. அவளை இரண்டு மாதத்துக்கு முன், ஒரு டீக்கும் இரண்டு மசால் வடைக்கும் நடுவில், நானே உட்கார்ந்து உண்டாக்கினேன்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். என் விசிட்டிங் கார்டில் ‘சந்திரமோகன், மனிதவள மேலாளர்’ என்று இருக்கும். கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது, பாம்பு வந்தால் ஆள் கூப்பிடுவது எல்லாம் அந்தப் பதவியில் அடக்கம். மணவாள நகரைத் தாண்டி, துளசிராமன் தன் அப்பா நெல் போட்ட நிலத்தில் கட்டிய முதியோர் இல்லம் இது. இருபத்தெட்டு பேர் இருக்கிறார்கள். இங்கே வருவதற்கு முன் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் இருந்தேன். உருக்காலைகளுக்கு ஆள் அனுப்புகிற வேலை. உண்மையான ஆட்களைவிட வெறும் பெயர்கள் எவ்வளவோ தேவலை என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். பெயர்களுக்குக் காய்ச்சல் வராது. பெயர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிடாது. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பட்டியலில் நான்கு ஆள் குறைகிறதா, நான்கு பெயரை எழுது. அவ்வளவுதான்.

மாடியில் மதிய ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தவள் செல்போன் பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாள். அங்கே தெருமுனைக்கே பஸ் வருமாம், ஏசி உண்டாம், முக்கியமாக யாரும் மடியில் வாந்தி எடுக்க மாட்டார்களாம். காலையில் பார்க்கும் கெங்கம்மாள் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அடுத்த ஆள் ஆறு மணிக்குத்தான். நடுவில் நான்கு மணி நேரம் மாடியில் எட்டுப் பேரும் எட்டு மின்விசிறியும் மட்டும். இன்ஸ்பெக்‌ஷன் வேறு வரப்போகிறது, இத்தனை முதியவருக்கு இத்தனை உதவியாளர் என்று கணக்குக் காட்ட வேண்டும். அதனால் சந்திரகலா. என் பெயரிலேயே முன்பாதியை எடுத்துக்கொண்டேன். என் கற்பனை அவ்வளவு தூரம்தான் போகும்.

கோப்பில் ஒட்டிய படம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, ஒரு கறுப்புத் திட்டும் இரண்டு காதுமாக இருந்தது. காவல் நிலையச் சரிபார்ப்புக்கு ‘விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’. முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்து எழுத வேண்டிய நற்சான்றையும் நானே எழுதினேன். பிறகு விதிப்படி விசாரிக்க வேண்டுமே என்று, எழுதியதை எனக்கே ஒருமுறை வாசித்துக்காட்டி, ‘விசாரித்ததில் திருப்தி’ என்று கையெழுத்திட்டேன். ‘மிகவும் பொறுமையானவர். மெதுவாகப் பேசுவார். கேட்பதற்கு முன்பே தண்ணீர் கொடுப்பார்.’ மூன்றாவது வாக்கியத்தை எழுதும்போது எனக்கே அவளைப் பிடித்துப்போய்விட்டது. சம்பளக் கேள்வி வராமலிருக்க, சேவை மனப்பான்மையோடு வருபவர் என்று போட்டேன். நிரந்தர முகவரி என்ற இடத்துக்கு வந்தபோது வடை தன் வேலையைக் காட்ட, தூக்கம் வந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு தினமும் இரண்டு மணிக்கு வருகைப் பதிவேட்டில் அவளுக்காக இடது கையால் ஒரு கையெழுத்துப் போடுவேன். சாய்வான, கூச்ச சுபாவமுள்ள கையெழுத்து.

தொட்டி வழிந்தால் வழியட்டும் என்று கீழே ஓடிவந்து பதிவேட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை நான் திருவள்ளூரில் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட ஆளில்லை. சந்திரகலாவின் வரிசையில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மறுநாள் காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கெங்கம்மாளிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“கெங்கம்மா, மத்தியானத்துல மாடிக்கு யார்னா வராங்களா?”

“நீங்கதான சார் ஆள் போட்டீங்க? புதுசா ஒரு பொண்ணு வருதுன்னு பெருசுங்க பேசிக்கினு கெடக்குதுங்க. நான் எங்க பாத்தேன்? ரெண்டு மணி பஸ்ஸ வுட்டா ஊடு போய்ச் சேர ராவாயிடும்.” ஒரு போர்வையை உதறினாள். “ஆனா நல்லா செய்யுது போல. மின்ன இருந்தவ காலத்துல ஜக்குல தண்ணி வெச்சது வெச்ச மாரியே இருக்கும். இப்ப காலைல வந்து பாத்தா காலி.”

“ஓஹோ.”

“இன்னா ஓஹோ? ஆள சேக்கறதும் நீங்க, ஆரு வராங்கன்னு கேக்கறதும் நீங்க. நல்லா நடத்துறீங்க சார் ஆபீஸு.”

அன்று இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். பத்து எண்ணினேன். பிறகு என் உடம்பு அனுமதித்த வேகத்தில் மாடிக்கு ஓடினேன். எட்டுக் கட்டிலிலும் எட்டு முகம், எல்லாம் ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. விருந்தாளி இருக்கும் நேரத்தில் வாசலில் வந்து நின்ற கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற எபினேசர்தான் வாயைத் திறந்தார்.

“நீங்க வந்தா அது நகந்துடுது சார். மீட்டிங்கு கீட்டிங்கு வெச்சி திட்றீங்களா?”

ஜன்னலோரம் போய் நின்றேன். ஆள் இல்லை. ஆனால் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் தரை மட்டும் குளிர்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்துப் பார்த்தேன். உடனே எடுத்துக்கொண்டேன்.

புத்தியுள்ளவன் அன்றோடு பதிவேட்டை மூடியிருப்பான். நான் மூடவில்லை. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். காலையில் குளிக்கும்போது முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடவே பயந்தேன். ஆனால் நான் கையெழுத்துப் போட்ட நாட்களில் ஆசீர்வாதத்தின் உதடு ஈரமாக இருந்தது. போடாவிட்டால் அந்த நான்கு மணி நேரம் அவருக்கு யார்? எனக்குச் செலவு ஒரு துளி மை. இரண்டு மணி ஆனதும் இடது கை தானாகப் பேனாவைத் தேடும்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அந்த அதிகாரி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோப்புகளைப் புரட்டினார். சந்திரகலா எங்கே என்றார். மதியம்தான் வருவார் என்றேன். அது பொய்யா உண்மையா என்பது எனக்கே தெரியாத நிலையில் சொன்ன பதில், அதனால் முகம் இயல்பாக இருந்தது. “சரி, மாடிக்குப் போவோம்” என்று எழுந்தார்.

“மத்தியானம் யாரு பாத்துக்கறாங்க ஐயா?”

“சந்திரகலா மேடம்” என்றார் எபினேசர். “ரொம்பப் பொறும. மெதுவாத்தான் பேசும். நாம கேக்கறதுக்கு மின்னியே தண்ணி குடுத்துடும்.”

என் மூன்று வாக்கியங்கள். நான் எழுதிய அதே வரிசையில். நான் தரையில் எத்தனை டைல்ஸ் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன்.

“பரவால்லயே. எந்த ஊருப் பொண்ணு?”

“நானும் கேட்டேம்மா” என்றார் ஆசீர்வாதம். “இன்னும் எழுதலன்னு சொல்லிச்சி.”

அதிகாரி சிரித்துவிட்டார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருப்பார். கீழே வந்து கோப்பைத் திறந்தவர், காலியாக இருந்த முகவரிக் கட்டத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு, “இத மட்டும் நிரப்பிடுங்க” என்றார். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். துளசிராமன் எனக்கு ஒரு லாலா கடை மைசூர்பாகு கொடுத்தார். காகிதத்தில் மடித்து மேஜை டிராயரில் வைத்தேன்.

அந்த வியாழக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. கையெழுத்துப் போட்டு அரை மணி கழிந்திருக்கும். மேலே டம்ளர் விழுந்து உருளும் சத்தம். தொடர்ந்து, தண்ணீர் இறைக்கும் மோட்டார் காற்றை உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம். ஓடினேன். ஆசீர்வாதம் மல்லாந்து கிடந்தார். மார்பு முழுக்கத் தண்ணீர். உதடு நாவல்பழ நிறம். வாதம் வந்ததிலிருந்து அவருக்கு விழுங்குவது சிக்கல். வெறும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், பவுடர் கலந்து கூழ்போலாக்கி, உட்காரவைத்து, மோவாயைத் தாழ்த்தி, அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கெங்கம்மாளுக்கு அது தெரியும். வேலையை விட்டுப் போனவளுக்கும் தெரியும். இத்தனை நாள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டிருந்த சந்திரகலா, அன்று வெக்கையைப் பார்த்து ஒரு டம்ளர் முழுக்கக் கொடுத்திருக்கிறாள்.

தூக்கி உட்காரவைத்து, முன்னால் சாய்த்து, முதுகில் அடித்தேன். முப்பது வருடம் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் கம்பி இழுத்த கை அவருக்கு, நெருப்புப் பொறி பட்ட தழும்பு முழங்கை வரை உண்டு. அந்தக் கை என் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான் தெறித்தது. தண்ணீர் வெளியே வந்தது. பிறகு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்துப் பேச்சு வந்தது.

“அத திட்டாதீங்க சார். அதுக்கு இன்னா தெரியும்? பாசமாத்தான் குடுத்துச்சி.”

கீழே வந்து அந்தக் கோப்பை முதன்முறையாக ஒரு சரிபார்ப்பு அதிகாரி படிக்க வேண்டியதுபோலப் படித்தேன். பொறுமை இருந்தது, மெதுவான பேச்சு இருந்தது, தண்ணீர் இருந்தது. வேலை தெரியும் என்று நான் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. நான் எழுதிய அளவுக்குத்தானே அவளுக்குத் தெரியும். இப்போது ஒரு பயிற்சிச் சான்றிதழ் அடித்துச் சேர்க்கலாமா என்று கைகூட நீண்டது. அப்போதுதான் என்னைக் கண்டு எனக்கே முதுகு சில்லிட்டது. அந்த ஜன்னலோரத்துக் குளிரெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

“இன்ஸ்பெக்‌ஷன்தான் முடிஞ்சிபோச்சே மோகனு” என்றார் துளசிராமன். “இப்ப இன்னாத்துக்கு ஆளு?”

“அந்தாளு செத்திருப்பாருண்ணா.”

“சாவலல்ல?”

இருபத்தைந்து வருட வேலையில் ஒரு முதலாளியிடமும் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை, ஆனால் வாய் நிற்கவில்லை. “அப்போ நாளைலேர்ந்து ரெண்டு மணிக்கு நானே மாடிக்கு பூடுறேன். சிலிண்டரு, டீசலு, உங்க மச்சான் ஊட்டு கரண்ட் பில்லு, எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க.”

அவர் மேஜையிலிருந்த பில் கட்டை என் பக்கமே திருப்பித் தள்ளினார். “பேஜாரு புடிச்சவன்யா நீ. ஒரு ஆள பாரு” என்றார். ஜெயித்தது என் நெஞ்சுரம் அல்ல, சிலிண்டர்தான்.

செண்பகம் வந்தாள். நாற்பது வயது. பக்கவாதம் வந்த ஒருவரை செவ்வாப்பேட்டையில் நான்கு வருடம் பார்த்துக்கொண்டவள். இந்த முறை வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்த அம்மாள், “இதுக்குன்னு நேர்லயா வந்தீங்க? போன்ல கேட்டிருக்கலாமே” என்று தண்ணீர் கொடுத்தார். வெட்கத்தில் இரண்டு டம்ளர் குடித்தேன். பக்கத்து வீட்டிலும் கேட்டேன். ஆதாரை அசலோடு ஒப்பிட்டேன். காவல் நிலையத்தில் படிவத்தை எந்தப் பக்கத்திலிருந்து நிரப்புவது என்று நான் கேட்டபோது, “எத்தினி வருஷமா சார் இந்த வேலைல இருக்கீங்க?” என்றார் கான்ஸ்டபிள். இந்த இல்லத்தில் மட்டும் பத்து என்றேன். அவர் படிவத்தை வாங்கி நேராகத் திருப்பி என் முன் வைத்தார், அதுதான் வலித்தது.

செண்பகம் சேர்ந்த அன்று காலை, சந்திரகலாவுக்காக ஒரு கடிதம் எழுதினேன். ‘சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’ இடது கையால் கடைசிக் கையெழுத்து. பதிலாக நான் கொடுக்கும் கடிதத்தில் ‘அன்போடு பணியாற்றினார்’ என்று எழுதினேன், அதில் பொய் ஏதுமில்லை. பதிவேட்டில் அவள் வரிசையில் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்தேன். இரண்டு மணி அடித்தபோது இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு மாடிக்குப் போனேன்.

ஆசீர்வாதம் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மோவாய் தாழ்ந்திருந்தது. வலது பக்கம் செண்பகம், கையில் பவுடர் கலந்த கிண்ணமும் ஸ்பூனும். பார்க்கவே மனது நிறைந்தது.

“ஒண்ணும் கஷ்டமில்லியேம்மா?”

“இல்ல சார்.” எழுந்து என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “இந்தப் பொண்ண யாரு சார் வேலைக்கு எடுத்தது? தங்கமான மனசுதான். ஆனா ஒண்ணுமே தெரியல. படுத்தவாக்குலயே தண்ணி குடுக்கப் போச்சி. நான் பாய்ஞ்சி கைய புடிச்சேன். இன்னா சார் கை அவ்ளோ ஜில்லுன்னு இருக்குது? நாஷ்டா துன்னுதோ இல்லியோ.”

“அது… வேலைய வுட்டு நின்னுடுச்சிம்மா. இன்னிலேர்ந்து கெடையாது.”

“அப்டியா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. கத்துக்குடுங்கன்னு நிக்குது. நான்தான் சரி பாருன்னேன்.” கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். “தப்பா சார்?”

நானும் பார்த்தேன். கட்டிலின் இடது பக்கம் ஜன்னல், கம்பியில் காயும் எபினேசரின் துண்டு, அதற்கப்பால் பட்டப்பகல். அவ்வளவுதான். மற்ற ஏழு பேரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

செண்பகம் போய் உட்கார்ந்தாள். ஸ்பூனில் பாதி எடுத்தாள்.

“இவ்ளோதான் எடுக்கணும். அவசரப்படக் கூடாது. முழுங்கனாரான்னு தொண்டைய பாத்துட்டு அடுத்தது. புரிஞ்சிச்சா? இந்தா, இப்ப நீ குடு.”

கட்டிலுக்குக் குறுக்கே ஸ்பூனை நீட்டினாள். ஆசீர்வாதம் மோவாயைத் தாழ்த்தியபடியே, ஜன்னல் பக்கமாகத் திரும்பி வாயைத் திறந்தார். செண்பகத்தின் விரல்கள் ஒவ்வொன்றாக ஸ்பூனை விட்டன. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அது விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.