திடலுக்குப் போன தண்ணீர்

அந்தப் பங்குக் கிணற்றில் இறைப்பு விடியப்புறத்தில் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் ஒரு பங்குக்காரருடைய முறை. வெயில் ஏறியதும் மோட்டரை நிறுத்தி, மறுநாள் வரை கிணற்றை ஊறவிடுவார்கள். யார் தொடங்கிய வழக்கம் என்று எவருக்கும் தெரியாது. மீறினவரும் இல்லை.

பங்குக்காரரில் ஒருவனான ஜெயரூபன் விளையாட்டுக் கழகச் செயலாளர். வடக்குக் கிழக்குக் கழகங்கள் எல்லாம் மோதும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி அந்த ஆண்டு அவர்களுடைய ஊருக்குக் கிடைத்திருந்தது. ஆடி வெயிலில் திடல் பொரிந்து கிடந்தது.

"உங்கடை முறையை நான் கேக்கேல்லை அக்கா. பின்னேரத்திலை கிணறு சும்மாதானே கிடக்குது, அந்த நேரத்தைத் திடலுக்குத் தாங்கோ."

இன்னொரு பங்குக்காரியான பாலேஸ்வரி யோசித்தாள். அவளுக்கு அந்த ஆண்டுப் பயிர் என்று இருந்தது நாலு பரப்பு வெங்காயம்தான். அதற்குரிய விடியப்புறத் தண்ணீர் குறையாது. அதோடு, விருந்தினருக்கான தேநீர்க் கொட்டிலையும் அவளுக்கே தருவதாகச் சொன்னான்.

மூன்றாவது பங்குக்காரர் மார்க்கண்டு சிரித்தார். "அது கிணறு நித்திரை கொள்ளுற நேரமடா."

"மாரியிலை கொள்ளட்டும், மாமா."

மார்க்கண்டுவின் வீட்டு அறைகளைப் போட்டி நாள்களுக்கு வாடகைக்குக் கனடாக் குடும்பம் ஒன்று ஏற்கனவே கேட்டிருந்தது. அவர் மறுக்கவில்லை. பாலேஸ்வரியும் ஓம் என்றாள்.

கழகம் பெரிய மோட்டர் பூட்டிக் குழாயை அடிவரை இறக்கியது. புல் தளிர்த்தது. ஒழுங்கையில் ஐஸ்கிறீம் வான்கள் வரிசை கட்டின. சைக்கிள் கடைக்காரர் கொத்துரொட்டி போட்டார். பக்கத்தில் அறுவடை முடிந்து கிடந்த புகையிலைத் தறை வாகனத் தரிப்பிடமானது. வேலியெங்கும் தண்ணீர்ப் போத்தல்கள். மேலிருந்து ட்ரோன் எடுத்த படத்தைப் பார்த்து, ரொறன்ரோவிலிருந்தவர்கள் இது நம்முடைய ஊர்தானா என்று எழுதினார்கள்.

இரண்டாம் கிழமை வெங்காயத் தாள்களின் நுனி கருகத் தொடங்கியது. பூச்சியாக்கும் என்று பாலேஸ்வரி மருந்தடித்தாள். கருகல் நிற்கவில்லை.

இறுதிப் போட்டியன்று, கொட்டிலுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வரவில்லை. அவள் பங்குக் கிணற்றில் இரண்டு வாளி எடுத்துக் கேத்தலை வைத்தாள். ஆட்டத்தின் இடைவேளையில் விருந்தினர் பந்தலுக்குத் தேநீர் போனது. லண்டனிலிருந்து வந்த பிரதம விருந்தினர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து மார்க்கண்டுவின் குரல் வந்தது. "பாலேசு! சீனியெண்டு உப்பை அள்ளிப் போட்டிட்டியோ? பொன்னாடை போத்தப்போறாங்கள் எண்ட சந்தோசப் புளுகமோ?"

பந்தல் சிரித்தது. அவளும் சிரித்தபடியே கொட்டிலுக்குப் போய்ச் சீனிப் பேணியில் விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தாள். சீனிதான். பிறகு வாளித் தண்ணீரில் ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

உவர்.

ஒலிபெருக்கி அவளுடைய பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தது. அவள் எதிர்த்திசையில், கிணற்றடிக்கு நடந்தாள். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். திடலில் சுழன்ற தெளிப்பான்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன.

ஜெயரூபன் ஓடிவந்தான். "என்னக்கா செய்யிறியள்? ரண்டாம் பாதி தொடங்கப்போகுது, புழுதி பறக்கும்."

"பறக்கட்டும். ஊற விடாமல் இறைச்சு அடி உவர் மேலை வந்திட்டுது. குடிச்சுப் பார்."

அவன் குடிக்கவில்லை. மோட்டரைப் போடவும் இல்லை. இரண்டாம் பாதி புழுதிக்குள் நடந்தது. கிண்ணம் மன்னாருக்குப் போனது.

மறுநாள் அவளுடைய முறை. இறைத்தால் உவர் வேரைத் தின்னும், இறைக்காவிட்டால் வெயில். இரண்டு நாள் பார்த்துவிட்டு, முற்றாத வெங்காயத்தைக் கிண்டி எடுத்தாள். ஒவ்வொன்றும் சுண்டைக்காயளவு. சுன்னாகம் சந்தையில் வியாபாரி ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சாக்குக்குள் போட்டான்.

அடுத்த கிழமை ஜெயரூபன் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தான். அன்று மேடையில் போர்த்த முடியாமல் போனது.

"எல்லாரும் நல்லாய்ச் செய்தியள் எண்டு சொல்லினம் அக்கா. அடுத்த வருசமும் போட்டியை எங்களுக்குத்தான் தரப்போறாங்களாம்."

"இரு, தேத்தண்ணி போடுறன்."

குசினி மூலையில் கடையில் வாங்கிய தண்ணீர்க் கான் இருந்தது. அவன் இருந்த இடத்திலிருந்து அது தெரிந்தது. அவள் அதைத் தொடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பங்குக் கிணற்றடிக்குப் போய் வந்தாள்.

ஜெயரூபன் முதல் வாயோடு நிறுத்தினான். அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவன் மீதியையும் மடக்மடக்கென்று குடித்து முடித்தான்.

"கிணறு திரும்ப எப்ப நல்லா வரும் அக்கா?"

"மாரி பெய்யட்டும். பாப்பம்."

அவன் படலையைச் சாத்திவிட்டுப் போனான். பொன்னாடை கதிரையில் கிடந்தது. சுற்றியிருந்த கடதாசியைக் கிழிக்காமலே அதை எடுத்து வைத்துவிட்டு, பாலேஸ்வரி கோப்பையைக் கழுவப் போனாள்.