நித்திரை கொள்ளுற பன்றி

போன வியாழக்கிழமையில இருந்து என்ர மனுசனோட நான் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. சோறு போட்டு வைக்கிறன், சாப்பிடுறார், எழும்பிப் போறார். பாவம், அந்த மனுசன் நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தது. அது எனக்கு விளங்காமலில்லை. ஆனால் ஆரையாவது திட்டாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். என்னை நானே எவ்வளவுக்கெண்டு திட்டுறது?

நான் யோசப்பின். டொச்சுக்காரற்ற ஊரான ஹம்மில வயசுபோன ஆக்களைப் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு வருசமாய் டொக்டர் வெஸ்ஸல்ஸ் வீட்டில நிக்கிறன். பல் டொக்டராய் இருந்தவர். மனுசி செத்துப்போச்சு, பேந்து கண்ணும் போட்டுது. லைற் எரியுதோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுவார். காலமையும் பின்னேரமும் போய் சாப்பாடு, குளிசை, உடுப்பு எல்லாம் நான்தான் பார்க்கிறன்.

அவருக்கு ஒரு விசர் இருக்கு. யப்பான்காரற்ற பழைய வாளில பூட்டுற சாமான் சேர்க்கிறது. வாள் இல்லை, கேட்டியளே! வாளை ஆரும் வச்சிருக்கட்டும் எண்டுவார். கைக்குக் காவலாய் நடுவில போடுற வட்டத் தகடு, பிடியில பதிக்கிற அவரைக்கொட்டையளவுத் துண்டு, இப்பிடிச் சின்னச் சின்ன உலோகச் சாமான். மேசை லாச்சி லாச்சியாய் வச்சிருக்கிறார். எல்லாத்திலயும் ஒரு சீவன் இருக்கும். அலைக்கு மேலால பாயுற முயல், கையை நீட்டி நிலவைப் பிடிக்கப் பார்க்கிற குரங்கு, நண்டு, தவளை. கண் தெரிஞ்ச காலத்தில பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தவர், இப்ப விரலால பார்க்கிறார்.

அதில எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு. அவர் தடவிப்போட்டு என்ன மிருகம் எண்டு சொல்லுவார், நான் பார்த்துச் சரியோ பிழையோ எண்டு சொல்ல வேணும். ஒருநாள் அவர் சொல்லமுந்தியே நான் "யானை!" எண்டு கத்திப்போட்டன். தும்பிக்கை தெரியுது, வேற என்னவாம்? அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "காலைப் பாருங்கோ, யோசப்பின்." பார்த்தால் புலிக்கால்! அது கெட்ட கனவைத் தின்னுற ஒரு சாமானாம், பாக்கு எண்டு பேர். எங்கட ஊருக்கு அப்பிடி ஒண்டு வந்திருந்தால் சண்டைக்காலத்தில அதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கும் எண்டு சொன்னன். அதுக்கும் சிரிச்சார்.

டொக்டற்ற மகள் மார்லீஸ், காசல் எண்ட வேற ஊரில இருக்கிறா. கெட்டவ இல்லை. அப்பா ஒருக்கா அடுப்பை நூர்க்க மறந்துபோனார், அண்டையில இருந்து அவவுக்கு நித்திரையில்லை. "அப்பாவுக்கு மறதி வந்திட்டுது, இனித் தனிய விடேலாது" எண்டு முதியோரை வச்சுப் பார்க்கிற ஹைமில இடம் பார்த்திட்டா. இவருக்கு வந்துது கோவம். "சனிக்கிழமை வா. லாச்சியைத் திறந்து ஒண்டொண்டாய் என்ர கையில தா. எல்லா மிருகத்தையும் சொல்லுறன். ஒண்டு பிழைச்சாலும் நானாய் ஹைமுக்கு வாறன்" எண்டு ரெலிபோனில கத்தினார். மகளும் ஓமெண்டிட்டா.

அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளையள் மாதிரித்தான் போச்சு. எல்லாம் சரி, ஒண்டைத் தவிர. பிடியில பதிக்கிற ஒரு குட்டித் துண்டு, அட்டைக்கறுப்பு. அவர் பெருவிரலால ஒருக்காத் தடவிப்போட்டு "நித்திரை கொள்ளுற பன்றி" எண்டார். "இதின்ர மயிர் ஒவ்வொண்டாய் வெட்டியிருக்கு. உங்கட தலைமயிரை விட மெல்லிசு. அந்தக் கறுப்பும் ஊத்தையில்லை, அதுதான் இதின்ர அழகு. இதைத் தொட்டால் எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்." எனக்கோ கறுப்புக் கட்டிதான் தெரிஞ்சுது. ஒரு வருசமாய் அவற்ற கண் எண்டு பேரெடுத்துப்போட்டு, தெரியேல்லை எண்டு சொல்ல வெக்கமாய்க் கிடந்துது. "ஓம், சரி" எண்டிட்டன்.

சொன்னாப்போல மனம் ஆறுமே? பன்றி இல்லாமல் கரடியாய் இருந்தால்? சனிக்கிழமை மகளுக்கு முன்னால பிழைச்சால்? வியாழக்கிழமை பின்னேரம், வீட்டில வடிவாய் வெளிச்சத்தில பார்ப்பம் எண்டு கை துடைக்கிற லேஞ்சியில சுத்தி கைப்பைக்குள்ள வச்சுக்கொண்டு வந்திட்டன். ஒரு சாமானும் வீட்டை விட்டு வெளியில போகக்கூடாதெண்டு அவர் எத்தினை தரம் சொன்னவர்!

அண்டைக்கெண்டு என்ர மனுசன் யாகோப்பு, தமிழ்ப் பூசைக்கு வைக்கிற பித்தளை மெழுகுதிரிக் காலுகளைக் கோயிலில இருந்து கொண்டுவந்து குசினியில மினுக்கிக்கொண்டு நிண்டார். பழப்புளி, உப்பு, கம்பித் தும்பு. நான் லேஞ்சியை அவிட்டு அந்தக் காலுகளுக்குப் பக்கத்தில மேசையில வச்சிட்டுக் கீழ உடுப்பெடுக்கப் போனன். திரும்பி வாறன், மனுசன் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். "இஞ்சேர் யோசப்பின், என்ன ஊத்தையப்பா இது! இப்ப பார்."

மாதாவே! செப்புக்காசு மாதிரி மினுங்குது. பன்றிதான், நல்ல வடிவாய்த் தெரியுது. கடவுள் என்னை மன்னிக்க வேணும், முதல் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. பன்றி சரி எண்டு. அதுக்குப் பிறகுதான் விரலால தடவிப் பார்த்தன். மயிரைக் காணேல்லை. வழுவழுவெண்டு சவர்க்காரக் கட்டி மாதிரிக் கிடக்கு. அந்தக் கறுப்பு ஊத்தையில்லை, அதுதான் அதின்ர அழகே எண்டு டொக்டர் சொன்னதும் அப்பதான் மண்டையில அடிச்சுது.

"உங்களுக்கென்ன விசரே? ஆரைக் கேட்டுத் தேய்ச்சனீங்கள்?" எண்டு கத்தினன். அவர் கையில புளியோட முழிக்கிறார். "கோயில் சாமானோட கிடந்தது, நான் கோயில் சாமானெண்டு..." எண்டு இழுத்தார். நான் அவரைச் சொல்லவிடேல்லை.

வெள்ளிக்கிழமை காலமை அதைச் சத்தம்போடாமல் லாச்சிக்குள்ள வச்சன். அப்ப நான் நினைச்சதைச் சொன்னால்தான் என்னைப்பற்றித் தெரியும். கண் தெரியாத மனுசன்தானே, என்னெண்டு கண்டுபிடிக்கப்போறார் எண்டு நினைச்சன். அவற்ற சோத்தைத் தின்னுறன், அவற்ற கண் எண்டு பேர் எனக்கு. அப்பிடி நினைச்சன்.

சனிக்கிழமை மார்லீஸ் வந்தா. உலகக்கிண்ண நேரம், காரில குட்டிக் கொடி பறக்குது. அப்பாவும் மகளும் மேசையில எதிரும்புதிருமாய் இருந்தினம், நான் கோப்பிச் சாடியோட நிண்டன். முயல், நண்டு, குரங்கு, தும்பிக்கைக்காரன். ஒண்டும் பிழைக்கேல்லை. மார்லீசுக்கே சிரிப்பு வந்திட்டுது. "அப்பா, நீங்கள் பொல்லாத ஆள்" எண்டா.

பிறகு அந்தத் துண்டை எடுத்து அவற்ற உள்ளங்கையில வச்சா.

பெருவிரல் ஒருக்காப் போச்சு. நிண்டுது. திரும்பப் போச்சு, ஒரு மூலையில போய் நிண்டுது. மெல்லமாய் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பழப்புளி மணம் அவருக்குப் புதுசில்லை. குழம்பு வச்சிட்டு வாற நாளில "இண்டைக்கும் அந்தப் புளிதானே" எண்டு என்ர கையை மணந்து பகிடி பண்ணுறவர். முகத்தை நான் நிண்ட பக்கம் திருப்பினார். பிறகு மகளின்ர பக்கம் திரும்பி, "தெரியேல்லை" எண்டார்.

"அப்பா, ஆறுதலாய்ப் பாருங்கோ."

"தெரியேல்லை, மார்லீஸ். மறந்துபோனன். நீ சொன்னது சரிதான்."

மார்லீசுக்குக் கண் கலங்கிப்போச்சு. வெண்டிட்டன் எண்ட சந்தோசம் அவவுக்கு ஒரு துளியும் இல்லை. "அப்ப திங்கட்கிழமை ஹைமோட கதைக்கிறன்" எண்டு மெதுவாய்ச் சொன்னா. அவர் ஓமெண்டார். நான் வாயைத் திறந்தால் வேலை போகும், யாகோப்பு வேலைசெய்த தொழிற்சாலையும் பூட்டியாச்சு. வெறும் கோப்பையளைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினன். அதுதான் நான் செய்தது.

மார்லீஸ் பின்னால வந்தா. மூக்கைத் துடைச்சுக்கொண்டு என்ர தோளில கைவச்சா. "நீங்கள் இருந்தபடியால்தான் அப்பா இவ்வளவு காலம் இந்த வீட்டில இருந்தவர். பெரிய நன்றி."

கன்னத்தில அறைஞ்சிருந்தால் தாங்கியிருப்பன். அந்த நன்றியைத் தாங்கேலாமல் போச்சு. கையில இருந்த கோப்பையை வைச்சிட்டு, எனக்கு வந்த உடைஞ்ச டொச்சுப் பாசையில சொன்னன். "அப்பா மறக்கேல்லை. நான் அதைக் களவாய் வீட்டை கொண்டுபோனன். நாங்கள் தேய்ச்சுப் பழுதாக்கிப்போட்டம். கண் தெரியாதுதானே எண்டு திரும்ப வச்சன்."

மார்லீஸ் போய் அந்தத் துண்டை யன்னலடியில பிடிச்சுப் பார்த்தா. "இது கறுப்பாய் இருந்ததெல்லோ" எண்டா. "சின்னனில இதைத் தொட்டதுக்கு எனக்கு அடி விழுந்திருக்கு." என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "உங்கட கோட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ" எண்டா.

"அவ நிக்கட்டும்" எண்டார் டொக்டர். "யோசப்பின், இஞ்ச வாங்கோ. அதை என்னட்டத் தா, மார்லீஸ்."

போனன். கண்ணை மூடச் சொன்னார், மூடினன். என்ர சுட்டுவிரலைப் பிடிச்சுப் பன்றியின்ர முதுகால கொண்டுபோனார். வழுக்கிக்கொண்டு போச்சு. கழுத்து, தலை, காது. காதுக்குப் பின்னால ஒரு மூலை, கம்பித் தும்பு போகாத இடம். அதில விரலை அமத்திப் பிடிச்சார். மெல்லிசாய்ச் சொரசொரத்துது. மயிர்.

"பன்றி" எண்டார். "அப்பவே, இதுக்குள்ள என்ர விரல் போன உடனயே தெரிஞ்சது."

"அப்ப ஏன் அப்பா தெரியேல்லை எண்டு சொன்னனீங்கள்?" எண்டு கேட்டா மார்லீஸ்.

அவர் புளி மணக்கிற என்ர கையை இன்னும் இறுக்கிப் பிடிச்சார். மார்லீஸ் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டுது. "திங்கட்கிழமை நான் ஹைமோட கதைக்கப்போறதில்லை" எண்டு சொல்லிப்போட்டு விம்மினா.

எல்லாம் கேட்டுது எனக்கு. கண்ணைத் திறவுங்கோ எண்டு டொக்டர் ரெண்டாந்தரமும் சொன்னார். நான் திறக்கேல்லை. திறந்தால், எனக்காகத் தோக்கப் பார்த்த அந்த மனுசன்ர முகத்தைப் பார்க்க வேணுமே.