நான்கு விரல் இடைவெளி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. சனி, திங்கள், புதன் என்று வாரத்தில் மூன்று நாள், காலை ஏழரைக்கு, என் ஜன்னலுக்குக் கீழே ஒரு காரின் அடிவயிறு சிமெண்டில் உரசும். பல்லைக் கூச வைக்கும் சத்தம். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் அதோடு செத்துப் போகும்.

கார் நிதாலுடையது. அம்மானில், ஜோஃபா மலையின் ஒரு முட்டுச்சந்தில், என் வீட்டைத் தாண்டி இருக்கும் ஒரே வீடு அவனுடையது. வயது முப்பத்து நான்கு. செத்துப்போன வாக்கியங்களுக்குப் பழிவாங்க அவனையே எழுதுவது என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'நிதால் ஒரு பகட்டுப் பேர்வழி. காரின் ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டை ஊருக்கே கேட்கும்படி அலறவிட்டு...'

(அடித்துவிட்டேன். அவன் காரில் பாட்டுப் பெட்டி பழுதாகி இரண்டு வருடம் ஆகிறது.)

இரண்டாவது தொடக்கம்: 'காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டும் இளவட்டங்களில் ஒருவனான நிதால்...'

(இதுவும் பொய். இன்னும் தாழ்த்தவில்லை. தாழ்த்தலாமா, வேண்டாமா என்பதுதான் கதையே.)

மூன்றாவதை என் விருப்பத்துக்கு மாறாக எழுதுகிறேன்: நிதாலின் மனைவி சாஜிதாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போகும்போது சமாளித்துவிடுவாள். திரும்பும்போது, ரத்தம் முழுக்க வெளியே போய் வந்த அசதியில், மலையின் ஏழு வளைவுகளிலும் கார் இப்படியும் அப்படியும் சாய, மடியில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுப்பாள். நிதால் சாலையையும் அந்தப் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டுவான்.

இப்படி ஒருவன்மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் பட்டேன்.

3

மெக்கானிக் அபூ கைஸ், டயருக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தார். நான்கு விரல் போயிற்று. ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு விரலுக்கு இறக்கினால், வண்டி வளைவில் சாயாமல் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும் என்றார். நிதாலின் முகம் மலர்ந்தது. அபூ கைஸ் உடனே அடுத்ததைக் கேட்டார்.

"வழியில எத்தனை வேகத்தடை மேடு?"

"பதிமூணு."

அபூ கைஸ் கையை வெளியே எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டார். தாழ்ந்த வண்டிக்கு ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், வேகத்தடையில் நேராக ஏறினால் அடி முதுகெலும்பில் விழும் என்று விளக்கினார். இருந்தாலும் நல்ல மனுஷன். அன்றே நிதாலோடு காரில் ஏறி மலை முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு மேடுகளைக் குறுக்குவாட்டில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிக் கடந்துவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பதிமூன்றாவதன் முன்னால் இறங்கி, குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இத எந்தக் கழுத போட்டது? ரெண்டு விரல்ல வந்தா நடுவயிறு மாட்டிக்கும். முன்னாலயும் போகாது, பின்னாலயும் வராது. இது இருக்கிறவரைக்கும் நீ நாலு விரல்லயே இரு."

(இந்த வசனத்தை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும்.)

4

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

பதிமூன்றில் நகராட்சி போட்டவை மூன்றுதான். மற்ற பத்தும் நாங்களே போட்டுக்கொண்டவை. ஒருவருடைய பேரனை பைக் உரசியது, ஒரு மேடு. எதிர்வீட்டுக்காரன் வாசலில் மேடு இருக்கிறது, அதற்குப் போட்டியாக ஒரு மேடு. பழக்கடைக்காரர் போட்டது, வண்டிகள் நின்று தர்ப்பூசணியைப் பார்க்க வேண்டுமே என்று. ஒருத்தர் மருமகனிடம் கோபித்துக்கொண்டு போட்டார். இந்த மலையில் எவனுக்குக் கோபம் வந்தாலும் சிமெண்ட் குழைக்கிறான். நகராட்சிக்கு மனு எழுதினால் பதில் வராது, இரண்டு மூட்டை சிமெண்ட் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிடும். தன் வாசல் அமைதியானால் போதும். அத்தனை வாசல்களையும் தாண்டி ஒரு நோயாளி போய் வர வேண்டும் என்று ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். பதிமூன்றாவது மேட்டில் மாட்டினால் மாட்டட்டும், தாழ்த்தியே தீருவது என்று நிதால் முடிவுக்கு வந்திருந்தான். வியாழக்கிழமை மத்தியானம் சாஜிதாவிடம் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என் வாந்தியச் சாக்கா வச்சு வண்டிய இறக்காத. உனக்கு ஆசைன்னா ஆசைன்னு சொல்லு."

அவனுக்குச் சுருக்கென்றது. இருபது வயதில் அவனிடம் தரையைத் தொடும் ஒரு கார் இருந்தது. அதில் அவன் மலையிறங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவனால் அதை மறுக்க முடியவில்லை, மறுக்க முடியாததே அவன் கோபத்தைக் கிளப்பியது.

"ஆமா, ஆசைதான். பாதி ஆசை. மீதிப் பாதி நீ."

அவள் கீரைத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அந்த மீதிப் பாதிக்கு நான் போய்ப் பேசிட்டு வரேன்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தச் சண்டை என் கற்பனை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றுதான், அதுவும் மெல்லியது. ஆகவே பாதிக் கற்பனை.)

5

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நான் வீடு திரும்பிய பிறகு சாஜிதா வந்தாள். தனியாக. நல்ல கறுப்பு உடுப்பு, ஊசி ஏறும் கையில் கட்டு. நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் மனைவி நவால் காப்பி கொண்டுவந்தாள். சாஜிதா வாங்கினாள், மேசையில் வைத்தாள், தொடவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. தண்ணீரையே மிடறு எண்ணிக் குடிக்கும் பெண்ணுக்குக் காப்பி கொடுக்கிறோமே! கப்பை எடுத்துவிடும்படி நவாலுக்கு ஜாடை காட்டினேன். கப் போவதையே சாஜிதா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"இப்ப என்ன எழுதுறீங்க, உஸ்தாத்?"

ஒரு காரைப் பற்றி என்றேன்.

"அதுல வண்டிய இறக்குறாங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"உங்க கையிலதான இருக்கு" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு நவால் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

"கப்ப ஏன் எடுக்கச் சொன்னீங்க? அவ கேட்க வந்தவ."

எங்கள் ஊர் வழக்கம் அது: பெண் கேட்கப் போனாலும், கொலையானவன் வீட்டில் மன்னிப்புக் கேட்கப் போனாலும், வந்தவர் காப்பியைத் தொடாமல் வைப்பார். 'குடியுங்கள், கேட்டது கிடைத்தது' என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் கப் உதட்டுக்குப் போகும். பெரிய மனிதர்கள் கூட்டமாக வந்து செய்கிற காரியம் அது. நானே எத்தனை கூட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் ஒற்றை ஆளாக வந்து அதைச் செய்வாள் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அவள் கௌரவத்தைத் தூக்கி என் மேசையில் வைத்தாள், நான் அதை வியாதி என்று நினைத்துச் சமையலறைக்கு அனுப்பினேன்.

6

நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். பதிமூன்றாவது மேடு என்னுடையது. அந்தக் கழுதை நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நானே குழைத்து, நானே பூசியது. கடைசி ஏற்றத்தில் ஏற நிதால் காரை உறுமவிட்டு வேகமெடுத்து வருவான். எனக்கு எழுத ஓடவில்லை. மேட்டின் ஓரம் செங்குத்தாக நின்றது, சரிசெய்யச் சோம்பல். 'அன்றைக்கு சாஜிதா நன்றாக இருந்தாள்' என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன். முட்டுச்சந்தில் என்னைத் தாண்டி ஒரே வீடு. என் மேடு ஊருக்காகப் போட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

7

முடிவுகள்.

ஒன்று: நிதால் காரைத் தாழ்த்துகிறான். என் மேட்டில் மாட்டிக்கொள்கிறது. நான் ஓடிப் போய்த் தள்ளுகிறேன், எல்லோரும் என்னை நல்லவன் என்கிறார்கள். (தாளைக் கசக்கி எறிந்தேன்.)

இரண்டு: தாழ்த்தவில்லை. சாஜிதா வருடக்கணக்கில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு... அவளுக்கு எத்தனை வருடம் என்று யாருக்கு...

மூன்று: நான் மேட்டை உடைக்கிறேன். இதை அழகாக மூன்று பக்கம் எழுதினேன். எழுதி முடித்து எட்டிப் பார்த்தேன். மேடு அங்கேயே இருந்தது.

இன்று புதன். சாஜிதா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், பன்னிரண்டு மணிக்கு விடுவார்கள். அந்த நேரத்துக்குள் வேலையை முடிக்க, கார் அபூ கைஸின் பட்டறையில் தூக்கி நிற்கிறது. நாலா, ரெண்டா என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நிதால் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். என்னிடம் அவன் எதையும் கேட்க மாட்டான், ஒருமுறை கேட்டது போதும் அந்த வீட்டுக்கு.

மணி ஒன்பதரை. நவால் இரண்டு கப் காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒன்றை என் பக்கம் தள்ளினாள். இன்னொன்றைத் தன் முன்னால் வைத்தாள். குடிக்கவில்லை. என் மனைவிக்குச் சிறுநீரகத்தில் ஒரு கோளாறும் கிடையாது.

கடப்பாரை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நான் எப்படிப்பட்டவன் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பக்கம் பாதியில் நின்றிருந்தால், ஏன் நின்றது என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். காப்பி ஆறுகிறது. அவள் என் பேனாவைப் பார்க்கிறாள். நான் இந்த வாக்கியத்தை