வைகாசியில் காலிபிளவர்

தரணிக்குக் கோபம் வந்தால் முதலில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுவாள். அன்று விடிகாலை திருப்பதி காய்கறி மார்க்கெட்டில் நின்றபடியே மூன்று முறை செருகிவிட்டாள். கையில் மேனேஜர் கொடுத்த காகிதம். காலிபிளவர் வறுவல், பீன்ஸ் பொரியல், கேரட் கூட்டு. எழுதின மனுஷன் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினானோ! வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இதில் காலிபிளவராம்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. ரேணிகுண்டா ரோட்டில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அதில் புதிதாகத் திறந்த ஒரு டி.வி. கம்பெனியில் நூற்றிருபது பேருக்கு மத்தியானச் சாப்பாடு போட ஆள் தேடினார்கள். இன்றைக்கு இருபது பேருக்கு ஆக்கிப் போட்டு, அது மேனேஜர் வெங்கடரமணனுக்குப் பிடித்துவிட்டால் கேன்டீன் தரணிக்கு. பிடிக்காவிட்டால் அவள் புருஷன் புருஷோத்தமன் குவைத்துக்கு. டிரைவர் வேலைக்கு ஏஜெண்டிடம் பேசியாகிவிட்டது, பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. போனால் இரண்டு வருஷம். சொந்த ஊரான விஜயபுரத்தில் கூலி வேலையை விட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒன்றாகப் பிழைக்கலாம் என்றுதானே திருப்பதிக்கே வந்தார்கள்! தனக்கு மட்டும் ஒரு பிடி சோறு பொங்குவதைத் தரணியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"இன்னா பாலையாண்ணா, பூவு இப்டி மஞ்சளா கீது?"

"பெங்களூர் பக்கம் அறுத்து மூணு நாளாச்சும்மா. வைகாசில இதான் கெடைக்கும். வெலயச் சொன்னா நீ திட்டுவ" என்றார் கடைக்காரர் பாலையா.

சொன்னார். தரணி திட்டினாள்.

திரும்பினால் பக்கத்திலேயே மாங்காய்க் குவியல். முந்தின நாள் சாயங்காலக் காற்றில் சித்தூர்ப் பக்கத் தோப்புகளில் உதிர்ந்த நாட்டு மாங்காய், மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. காம்பில் பால்கூடக் காயவில்லை. ஒன்றை எடுத்து முகர்ந்தாள், வாயில் எச்சில் ஊறிவிட்டது.

"யோவ், பைய விரி."

"லிஸ்ட்ல மாங்கா இல்லமே!" பையோடு கூட வந்திருந்த புருஷோத்தமன் பதறினான்.

"லிஸ்ட்டா வந்து துன்னப்போவுது? மனுசங்கதான துன்னப்போறாங்க!"

மாங்காயோடு பிஞ்சுக் கத்திரிக்காய், முருங்கைக்காய், வெள்ளரிக்காய் என்று மூன்று பை நிறைந்தது. காகிதத்தில் இருந்ததை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் பாதிகூட ஆகவில்லை.

அந்தச் சந்தோஷம்தான் ஆளைக் கவிழ்த்தது. மாங்காய்ப் பருப்பு வைக்க அண்டாவை ஏற்றினவள், துவரம்பருப்பையும் மாங்காயையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். பருப்பு குழைந்த பிறகுதான் மாங்காய் போட வேண்டும். முதலிலேயே புளிப்பு பட்டால் பருப்பு வேகவே வேகாது, இது விஜயபுரத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தரணிக்குத் தெரியாதா? கை முந்திக்கொண்டது. ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு கல்லுக் கல்லாகக் கிடந்தது. மணி பதினொன்று. அடுப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"போவட்டும் வுடுமே. குவைத்துல சம்பளம் நல்லாதான் குடுக்கறானாம்" என்று சமாதானம் சொல்லப் பார்த்தான் புருஷோத்தமன்.

வந்ததே கோபம்! தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"குவைத்தாம் குவைத்து! ஆட்டுக்கல்ல கழுவுயா!"

பருப்பையும் மாங்காயையும் வடித்தாள். காய்ந்த மிளகாய், சோம்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கச் சொன்னாள். அவன் வியர்க்க வியர்க்க அரைத்தான். கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு தூவி உருண்டை பிடித்தாள். வடித்த தண்ணீரிலேயே முருங்கைக்காயும் மசாலாவும் போட்டுக் குழம்பு கூட்டி, கொதியில் உருண்டைகளை இறக்கினாள். ஒன்றுகூட உடையவில்லை. கடவுளே, உடையவில்லை!

கம்பெனியில் இருபது பேரும் உட்கார்ந்தார்கள். உருண்டைக் குழம்பு, கத்திரிக்காய் வதக்கல், வெள்ளரிக்காய்ப் பச்சடி. சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சாப்பிட ஆரம்பித்ததும் சத்தமே இல்லை.

"காலிபிளவர் எங்கம்மா?" என்றார் வெங்கடரமணன்.

"சார், அது கார்த்திகை மாசத்துப் பூவு. இப்போ வாங்கினா காசும் பூடும், வாய்க்கும் வெளங்காது. மார்க்கெட்ல எது குவியுதோ அத ஆக்கறேன். வெல கம்மி, காலைல பறிச்சது மத்தியானம் தட்டுல இருக்கும். கார்த்திகை வரட்டும், நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் காலிபிளவர் போடறேன்."

மேனேஜர் தட்டை நீட்டினார். "இன்னும் ரெண்டு உருண்டை போடுங்க."

புருஷோத்தமன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேட்டால் வெங்காயம் என்பான்.

கார்த்திகை வந்தது. மார்க்கெட்டில் காலிபிளவர் பால் வெள்ளையாகக் குவிந்தது, கேட்ட விலைக்குக் கொடுத்தார் பாலையா. கேன்டீனில் புருஷோத்தமன் சம்மணமிட்டு உட்கார்ந்து பூவை நறுக்கிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட் வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. வெங்கடரமணன் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அந்த மாங்கா உருண்டை இன்னிக்குக் கெடையாதா?"

தரணியின் கை தலைப்புக்குப் போனது. "லிஸ்ட் எழுதிக் குடுத்து பூவு கேட்டது நீங்கதான சார்!"

"வைகாசில வாங்க சார்" என்றான் புருஷோத்தமன், அடுத்த பூவைக் கையில் எடுத்தபடி. "நானே அரைச்சுக் குடுக்கறேன். இங்கதான இருப்பேன்."