உயிரோடு ஒரு கணவாய்

என் மனைவி துர்காதேவி கணவாய் மீனின் நரம்பை ஆராய்ச்சி செய்கிறவள். "உங்க வீட்டம்மா டாக்டராமே, முதுகுவலிக்கு என்ன மாத்திரை போடலாம்?" என்று எங்கள் ஊரில் கேட்காதவர் கிடையாது. நான் மிளகாய் விவசாயி. அது ஆராய்ச்சிப் பட்டம், வைத்தியம் இல்லை என்று விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடற்கரை ஊரான மண்டபத்தில் அவளுக்கு ஒரு சிறிய ஆய்வகம். மனித நரம்பிழை கண்ணுக்கே தெரியாது. கணவாயின் உடம்பில் ஒன்று மட்டும் தையல் நூல் பருமன் இருக்குமாம். அதற்குள் கண்ணாடி ஊசியை நுழைத்தால், சேதி மின்சாரமாக ஓடுவதைத் திரையில் பார்க்கலாம். அதற்குக் கணவாய் உயிரோடு வர வேண்டும். இரண்டு வருடமாக வந்ததெல்லாம் குழம்புக்குத்தான் ஆனது. திங்கட்கிழமை சென்னையிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே நரம்பு வேலை செய்தால் இன்னும் மூன்று வருடம் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, மதுரையில் பாடம் நடத்தப் போக வேண்டியதுதான்.

தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் சவேரியாரிடம் சொல்லி வைத்தோம். வெள்ளிக்கிழமை வாளியோடு வந்தார். மூடியைத் திறந்தால், மைப்பையை எடுத்து, தோலுரித்து, வெள்ளைவெளேரென்று நான்கு கணவாய்!

"ஆராய்ச்சிக்குன்னு சொன்னீகள்ல, அதான் எங்க வீட்டம்மா உக்காந்து நல்லா சுத்தம் பண்ணிக் குடுத்துச்சு. துட்டெல்லாம் வேணாம் தம்பி" என்றார்.

துர்கா சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அவர் தலை மறைந்ததும் அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"திங்கக்கெழம விடியுறதுக்கு முன்னாடி நானே படகுல போறேன்."

"நீங்களா? கம்மாயில எறங்கவே பயப்படுவீங்க!"

"படகுலதான போறேன், நீந்தியா போறேன்?"

வாய்வீரமெல்லாம் கரையோடு சரி. படகு கொஞ்சம் ஆடியதுமே முந்தின நாள் தின்ற பரோட்டா வரைக்கும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். தூண்டிலில் முதல் கணவாய் ஏறியதும் சவேரியார் பழக்க தோஷத்தில் கத்தியை எடுத்தார். "அண்ணே, வேணாம்!" என்று பாய்ந்து பிடித்தேன். அது என் முகம் முழுக்க மையைப் பீய்ச்சியது. ஆனாலும் விடவில்லை. சதுரப் பெட்டி என்றால் மூலையில் முட்டியே சாகும் என்று துர்கா சொல்லியிருந்ததால், வட்டத் தொட்டியில் கடல்நீர் நிரப்பி அதில் விட்டேன்.

ஆட்டோவில் தொட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டினேன். "மெதுவா போலே!" என்று ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆய்வகத்தில் அவள் என் கரிமுகத்தைக் கவனிக்கவே இல்லை. தொட்டியைத்தான் பார்த்தாள். பேராசிரியர்கள் இரண்டு பக்கமும் நிற்க, குனிந்து, வெள்ளை நூல் ஒன்றைப் பிரித்தெடுத்தாள். ஊசியை நுழைத்தாள். திரையில் கோடு அப்படியே படுத்துக் கிடந்தது. அவள் ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி தூண்டினாள்.

"டப்" என்றது ஒலிபெருக்கி. கோடு எகிறிக் குதித்தது. மறுபடி "டப்". பேராசிரியர்களில் மூத்தவர் சின்னப் பையனைப் போல் கைதட்டினார். துர்கா வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குப் பொறாமை வரவில்லை, சத்தியமாகப் பெருமைதான் வந்தது.

"மூணு வருஷம் குடுத்துட்டாங்க!" என்று ஓடி வந்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். தன் துப்பட்டாவால் மையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே வாரா வாரம் ஒண்ணு வேணும். வேற யாராச்சும் ஆளு பாப்போமா?" என்றாள்.

நான் போனை எடுத்து சவேரியாரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அடுத்த வாரமும் படகுல எனக்கு ஒரு எடம் வையிங்க."