டவர் பால்

வணக்கம் கண்ணுங்களா, எல்லாரும் சொகமா இருக்கீங்களா? மாத்திரய வேளாவேளைக்கு முழுங்குறீங்கல்ல? ஏன் கேக்குறேன்னா, எறையூர் பக்கத்துல லீலாவதின்னு ஒருத்தி. அவ கதய கேட்டா புரியும்.

அவ தெருக்கோடியில, பால் ஊத்துற காத்தாயி கொல்லையில, போன தையில செல்போன் டவர் நட்டாங்க. ரெண்டே மாசம், லீலாவதிக்கு மண்டய பொளக்குது, தல கிறுகிறுங்குது. போன்ல வந்த வீடியோல எவனோ ஒருத்தன், "டவர் கதிரு ஒடம்ப அரிச்சிடும்"ன்னான். அது போதாதா அவளுக்கு? வூடு வூடா ஏறி எறங்குனா.

"டவருக்கடியில மேயுற மாட்டுப் பால புள்ளைங்களுக்கு குடுப்பீங்களாடி?"

ஒரே வாரத்துல தெருவே பால நிறுத்திடுச்சு. 'டவர் பால்'னு பேரும் வச்சாச்சு.

காத்தாயி வாசல்ல வந்து நின்னா. "யக்கா, பதினோரு வருசமா ஒன் வூட்டுக்கு நான்தான ஊத்துறேன்?"

"எனக்கு வெசம் வேணாம், போ"ன்னு கதவ சாத்திட்டா லீலாவதி.

கலெக்டர் ஆபீசுக்கு மனுவும் குடுத்தா. பெரம்பலூர்லேருந்து ஒரு சார் அளக்குற மிஷினோட வந்தாரு, கூட நர்சம்மா வெற்றிச்செல்வி. தெருவே கூடிடுச்சு. சார் டவர அண்ணாந்து பாத்தாரு.

"அம்மா, இதுக்கு இன்னும் கரண்டே குடுக்கலயே! ஓட ஆரம்பிக்கட்டும், வந்து அளக்குறேன்."

எதுத்த வூட்டு ராசாங்கம் சும்மா இருப்பானா? "அப்ப வெறும் இரும்ப பாத்தா அக்காவுக்கு தல சுத்துச்சு?"

கொல்லுனு சிரிப்பு. அதுக்குள்ள நர்சம்மா கையில பட்டைய சுத்தி பிபி பாத்துட்டு, "நூத்தித்தொண்ணூறு இருக்கும்மா. மாத்திர போடுறீங்களா?"ன்னா.

"நல்லாத்தான இருக்கோம்னு... பொங்கலோட வுட்டுட்டேன்"ன்னு இழுத்தா லீலாவதி.

மறுநா காலையில சொம்ப எடுத்துக்கிட்டு தெருவுல நடந்தா. ஒவ்வொரு வாசலும் அவளயே பாக்குற மாரி இருந்துச்சு. காத்தாயி கொட்டாயில மாடு கட்டுற மொளக்குச்சி மட்டும் நிக்குது.

"பால் இல்லக்கா. வாங்க ஆளில்ல, தவுட்டுக்கு எங்க போறது? போன வாரம்தான் மாட்ட யாவாரிக்கு புடிச்சுக் குடுத்தேன்."

மன்னிச்சுக்கன்னு சொல்லத்தான் வந்தா. சொம்ப மெதுவா முந்தானைக்குள்ள மறைச்சா.

காத்தாயி பாத்துட்டா. "ஏன் நிக்கிற? குந்து. வரக்காப்பி போடுறேன், குடிச்சிட்டுப் போ."

தல நிமிராமயே குடிச்சா லீலாவதி.

நீங்களும் இப்புடி ஒருத்தர் மேல பழியப் போட்டுட்டு, அப்பறம் அவங்க மூஞ்சிய பாக்க முடியாம நின்னிருக்கீங்களா? மறைக்காம எழுதுங்க கண்ணுங்களா, கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒன்னு வுடாம படிக்கிறேன்.